24 மடங்கு எதற்கு?

நல்ல துவக்கு ஒன்று வாங்குகிறவர் மாதக்கணக்கில் யோசித்துத்தான் வாங்குவார். அதன் மேல் பூட்டும் ஸ்கோப்பை ஒரே ஒரு பின்னேரத்தில் தெரிவு செய்துவிடுவார். அந்த ஸ்கோப்பைத் துவக்கோடு பிடித்து வைத்திருக்கும் மவுண்டைப் பற்றி அவர் யோசிப்பதே இல்லை. கடைக்காரர் லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுப்பதோடு சரி. நோர்வேயில் வேட்டைக்குப் போகும் நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். என்னைக் கேட்டால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

துவக்கு என்று சொன்னவுடன் எங்கள் ஆட்களுக்கு ஊரில் கண்ட போரின் நினைவுகள் வரும். எனக்கும் வரும். இந்தப் பதிவு அதைப் பற்றியதல்ல. காட்டில் எல்க் எனப்படும் மூஸ் மானுக்கும், மேற்குக் கரையில் செம்மானுக்கும் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேட்டையே பிடிக்காதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம், கோபமில்லை.

எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. யேகர்ப்ரோவன் என்ற வேட்டைப் பரீட்சையை அண்மையில் பாஸ் பண்ணிய தம்பி ஒருவர். துவக்கும் வாங்கிவிட்டார்: டிக்கா டி3எக்ஸ், 6.5×55. நல்ல தெரிவு. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது; அந்த விலைக்கு அப்படியொரு வழுக்கலான போல்ட் வேறெதிலும் கிடையாது. ரவையும் இந்த மண்ணுக்கு உரியதுதான். நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்த 1890-களில் இரண்டு படைகளுக்கும் பொதுவாக உருவாக்கியது. உதை குறைவு, குறி தப்பாது, சரியான சன்னம் போட்டால் எல்க்குக்கும் சட்டப்படி போதும்.

"அண்ணை, 6-24×50 ஸ்கோப் ஒண்டு பாதி விலையில கிடக்கு. வாங்கட்டோ?"

"எங்க வேட்டைக்குப் போறீர்?"

"எல்வெரும் பக்கம். எல்க் ரீம் ஒண்டில இடம் கிடைச்சிருக்கு."

"மவுண்ட்?"

"அது கடையில ஏதாவது தருவினம்தானே."

இரண்டு பதிலும் அந்த ஸ்கோப்புக்கு எதிரான பதில்கள். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க ஏலாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். எல்வெரும் இருக்கும் கிழக்கு நோர்வேயில் எல்க் வேட்டை என்பது பெரும்பாலும் இப்படித்தான்: ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் குறித்துக் கொடுப்பார்கள், அங்கே போய் அசையாமல் இருக்க வேண்டும். நாயோ ஆட்களோ காட்டுக்குள் நடந்து விலங்கை எழுப்புவார்கள். அது ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு இடையே திடீரென்று வரும், ஒரு வெட்டவெளியைக் கடக்கும், மறையும். தூரம் 100 மீற்றருக்குள்தான் இருக்கும், பல வேளைகளில் 40, 50 மீற்றர். மேற்குக் கரையில் செம்மான் வேட்டை வேறு சாதி. தோட்டப் புல்வெளிக்கு அந்தி நேரத்தில் மேய வரும் மானுக்காகக் காத்திருக்க வேண்டும். தூரம் கொஞ்சம் கூட, வெளிச்சம் மிகக் குறைவு. ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் காட்டுக் கலைமான் என்றால் மரமே இல்லாத வெளி, பகல் வெளிச்சம், நீண்ட தூரம். மூன்றுக்கும் ஒரே துவக்கு போதும். ஒரே ஸ்கோப் போதுமா என்றால், பெரும்பாலும் போதும், ஆனால் அது 6-24 அல்ல.

6-24 என்பதில் எல்லோரும் 24-ஐப் பார்க்கிறார்கள். நீங்கள் 6-ஐப் பாருங்கள். இந்த வகை ஸ்கோப்பை மிகக் குறைந்த 6 மடங்கில் வைத்தால் 100 மீற்றரில் ஏறத்தாழ 6 மீற்றர் அகலம் தெரியும். அதே காட்சி 30 மீற்றரில் 2 மீற்றருக்கும் குறைவு. வளர்ந்த எல்க் ஒன்றின் உடல் நீளம் இரண்டரை மீற்றருக்கு மேல் போகும். அதாவது முப்பது மீற்றரில் எல்க் உங்கள் முன்னால் நடந்து போகும்போது கண்ணாடிக்குள் தெரிவது மண்ணிற மயிர் மட்டும். அது தோளா, வயிறா, பின் தொடையா என்று தேடிக்கொண்டு இருக்கும்போது விலங்கு மரத்துக்குப் பின்னால் போய்விடும். 1-6×24 போன்ற ஒரு ஸ்கோப்பில் மிகக் குறைந்த நிலையில் 100 மீற்றருக்கு 40 மீற்றர் அளவு அகலம் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, எல்க்கையும் அதன் முன்னாலுள்ள இடைவெளியையும் பின்னால் வரும் கன்றையும் சேர்த்தே பார்க்கலாம். கன்று பின்னால் வருகிறதா என்பது சின்ன விசயமில்லை. தாயைச் சுடலாமா கூடாதா என்பதே அதில்தான் இருக்கிறது.

சரி, தூரத்துக்கு? நோர்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சையில் தேற வேண்டும்: 100 மீற்றரில் கலைமான் உருவம், அதில் 30 சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து சூடும் அதற்குள் விழ வேண்டும். 30 சென்ரிமீற்றர் என்பது ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அகலம். அதை அடிக்க நாலு மடங்கு தாராளம். 6 மடங்குக் கண்ணாடியில் 200 மீற்றரில் நிற்கும் கலைமானின் தோள் எங்கே என்று எவருக்கும் தெரியும். அதற்கு மேல் தூரத்தில் பெரிதாகக் காட்டினால் சுடலாம் என்ற ஆசைதான் வரும், சுடும் திறமை வராது. 24 மடங்கில் உங்கள் இதயத்துடிப்பும் சேர்ந்து பெருக்கப்படும்; குறுக்குக்கோடு மானின் மேல் நடனமாடும். காகிதத்தில் ஓட்டை போடும் ஆட்டத்துக்கு, அசையாத மேசைக்கு, அந்த ஸ்கோப் நல்லது. காட்டுக்கு அல்ல.

இனி வெளிச்சம். இங்கேதான் காசு செலவழிக்க நியாயம் இருக்கிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருவது, ஸ்கோப்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 6×42 என்றால் 7 மில்லிமீற்றர். 8×56 என்றாலும் 7. 24×50 என்றால் 2 தான். இருட்டில் இளம் கண்ணின் மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஐம்பது வயதில் 5 அளவில் நின்றுவிடும். ஜேர்மன்காரர் தலைமுறை தலைமுறையாக 8×56 வைத்துக்கொண்டு நிலவு வெளிச்சத்தில் பன்றிக்குக் காத்திருந்ததன் காரணம் இதுதான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 56 மில்லிமீற்றர் கண்ணாடி அள்ளிவரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு என் கண்ணுக்குள் போகாமலே வீணாகும். அந்த எடையைத் தூக்கித் திரிவதில் எனக்கு லாபமில்லை. இருபத்தைந்து வயதுக்காரர் மேற்குக் கரையில் செம்மானுக்குக் காத்திருந்தால் கதை வேறு, அவருக்கு 56 வேலை செய்யும். கடையில் விற்பனையாளர் உங்கள் வயதைக் கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அகலம் மட்டும் போதாது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கத்திலும் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போய்விடும். உள்ளே ஆறு கண்ணாடி இருந்தால் பன்னிரண்டு பக்கம். கணக்குப் போட்டால் நூறு உள்ளே போய் அறுபத்தொன்று வெளியே வரும். சைஸ் கம்பனியில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935-இல் கண்ணாடிக்கு மெல்லிய பூச்சு போட்டு இந்த இழப்பைக் குறைக்கும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நல்ல ஸ்கோப்புகளில் 90-க்கு மேல் வெளியே வருகிறது. மலிவான ஸ்கோப்பும் பகலில் இதே போல் தெளிவாகத்தான் தெரியும். கடையின் குழல்விளக்கின் கீழ் 3000 குரோனர் ஸ்கோப்புக்கும் 30,000 குரோனர் ஸ்கோப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே கடைக்கு ஒக்ரோபர் மாதத்துப் பின்னேரத்தில் போங்கள். வாசலுக்கு வெளியே வந்து, எதிர்ப்பக்கத்து மரத்தடியின் நிழலைப் பாருங்கள். மரப்பட்டையின் வெடிப்புகள் எந்தக் கண்ணாடியில் கடைசி வரை தெரிகிறதோ அதுதான் நல்ல கண்ணாடி. வெளியே எடுத்துப் போக விடாத கடையில் வாங்க வேண்டாம்.

மற்ற நுணுக்கங்களை வேகமாகக் கடந்து போகிறேன், காரணம் அவற்றைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி வேட்டைக்குத் தேவையற்றவை. குறுக்குக்கோடு முதலாம் தளத்தில் இருக்கிறதா இரண்டாம் தளத்தில் இருக்கிறதா? இரண்டாம் தளம் போதும்; சூம் பண்ணும்போது கோடு தடிக்காது. கோட்டின் வடிவு? ஜேர்மன் நாலாம் இலக்கம், நடுவில் எரியும் சிவப்புப் புள்ளி. இருண்ட எல்க்கின் உடம்பில் கறுப்புக் கோடு காணாமல் போகும், புள்ளி போகாது. அந்தப் புள்ளிக்கான பற்றரி கடுங்குளிரில் சோர்ந்துவிடும், இன்னொன்றைச் சட்டைப் பையில் உடம்போடு ஒட்ட வைத்திருங்கள். ஒரு கிளிக் 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர் நகரும் ஸ்கோப்பை எடுங்கள். நாங்கள் மீற்றரில் யோசிக்கிறவர்கள், அமெரிக்கக் கோண அளவான எம்ஓஏ-வில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ, அதாவது 7 மில்லிமீற்றர் சொச்சம், தலையைச் சொறிய வேண்டி வரும். ஸ்கோப்பின் குழாய் 30 மில்லிமீற்றர் என்பதால் வெளிச்சம் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். குழாய் பெருத்தால் உள்ளே கோட்டை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடும், அவ்வளவுதான்.

பிராண்ட் கேட்பீர்கள். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, காலெஸ், ஜேர்மனியின் சைஸ், ஷ்மிட் உண்ட் பெண்டர், லைக்கா: காசு இருந்தால் இவற்றில் எதை எடுத்தாலும் பிழையில்லை. மீயோப்டா செக் நாட்டுக் கம்பனி, பெயர் சின்னது, கண்ணாடி பெரியது. அமெரிக்க லியூபோல்ட் எடை குறைவு, மலை ஏறுகிறவர்களுக்குப் பிடிக்கும். காசு குறைவென்றால் புதுசாக மலிவானதை வாங்குவதை விட, பழைய ஷ்மிட் உண்ட் பெண்டர் 6×42 ஒன்றைத் தேடி வாங்குவது எவ்வளவோ மேல். சூம் இல்லாத ஸ்கோப்பை இப்போது யாரும் விரும்புவதில்லை, அதனால் விலை விழுந்து கிடக்கிறது. உள்ளே அசையும் பாகங்களும் குறைவு, கெட்டுப்போகவும் குறைவு. பழையதை வாங்கும்போது மூன்று இடங்களை வடிவாகப் பாருங்கள்: குழாயில் ரிங் பிடித்த இடத்தில் நசுங்கல், கண்ணாடிக்குள் பனிமூட்டம் போன்ற மங்கல், குலுக்கினால் உள்ளே சத்தம். மூன்றில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். எல்க்குக்கு மட்டும்தான், அதுவும் அடர்ந்த காட்டில்தான் என்றால் ஸ்கோப்பே வேண்டாம். சுவீடனில் 1970-களில் தொடங்கிய எய்ம்பொயின்ட் கம்பனியின் சிவப்புப் புள்ளிச் சைற் போதும்; ஓடும் விலங்குக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

இப்போது மவுண்ட். இந்தப் பதிவின் மிச்சம் முழுக்க இதுதான், பொறுமையாக வாசியுங்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் இருக்கிறது என்று வைப்போம். பின் ரிங் 0.1 மில்லிமீற்றர், அதாவது போட்டோக்கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பளவு, பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. 100 மீற்றரில் குறி 10 சென்ரிமீற்றர் விலகும். 200 மீற்றரில் 20. கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, கையால் ஆட்டினாலும் ஆடாது. ஆனால் தோளுக்குப் பின்னால் வைத்த குறி வயிற்றில் விழும். காயப்பட்ட எல்க் இரவு முழுக்க நடக்கும். இங்கே எல்க், செம்மான், ரோ மான் வேட்டைக்குத் தேடுநாய் ஒன்றுக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த நாயின் பின்னால் ரோர்ச் வெளிச்சத்தில் நடக்கும் இரவை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

அந்தத் தாளளவு எப்படி நகர்கிறது? சன்னம் குழாயை விட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு செக்கன் சொச்சம்தான் எடுக்கும். அதற்குள், அசையாமல் இருந்த துவக்கு செக்கனுக்கு 2 மீற்றர் அளவு வேகம் எடுத்துப் பின்னால் வருகிறது. தோளில் நீங்கள் உணரும் உதை அதற்குப் பிறகுதான். வேகத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள், புவியீர்ப்பைப் போல் 150 மடங்குக்குக் குறையாமல் வரும். 600 கிராம் ஸ்கோப் அந்தக் கணத்தில் 90 கிலோப் பாரம் போல முன்பக்கம் வழுக்கப் பார்க்கும். 6.5×55 சாதுவான ரவை என்று சொன்னேனே, அதற்கே இந்தக் கணக்கு; .30-06, 9.3×62 என்றால் இன்னும் கூடும். இந்தப் பாரத்தைத் தாங்குவது நாலு சின்னத் திருகாணிகளின் பிடி மட்டும் என்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஊரும்.

அதனால் மவுண்ட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: உதையை எது தாங்குகிறது? டிக்காவின் மேற்பக்கத்திலேயே 17 மில்லிமீற்றர் டவ்டெயில் ரெயில் கடைந்திருக்கிறது. அந்த ரெயிலில் ஒரு துளை உண்டு. நல்ல மவுண்டின் அடியில் அந்தத் துளைக்குள் இறங்கும் முளை ஒன்று இருக்கும். முளை இறங்கினால் மவுண்ட் எங்கும் போகாது. முளை இல்லாத பொது மவுண்டுகளும் 17 மில்லிமீற்றர் என்ற பெயரில் விற்கின்றன, பூட்டினால் பொருந்தும், பார்க்கவும் அழகாக இருக்கும். சின்ன .22 துவக்குக்கோ காற்றுத் துவக்குக்கோ உரிய 11 மில்லிமீற்றர் மவுண்டை மாறி வாங்கி வந்தவர்களும் உண்டு, அது பூட்டவே பூட்டாது என்பதால் அவர்கள் தப்பினார்கள். சாக்கோவின் பெரிய துவக்குகளில் ரெயில் ஒரு பக்கம் அகன்று ஆப்பு மாதிரி இருக்கும். உதைக்க உதைக்க மவுண்ட் இறுகும். அந்த அமைப்பைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு.

டிக்காவின் தலையில் திருகாணித் துளைகளும் இருப்பதால் பிக்காட்டினி ரெயில் ஒன்றைப் பூட்டி அதன் மேல் ரிங் போடுகிறவர்களும் உண்டு. இந்த ரெயிலுக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் வீவர் 1930-இல் சாதாரண ஆட்களும் வாங்கக்கூடிய ஸ்கோப் ஒன்றைச் செய்தார், மவுண்டோடு சேர்த்து 19 டொலர். அவர் பெயரில் வந்த பள்ளம் வெட்டிய ரெயில்தான் பிறகு நியூ ஜேர்சியிலுள்ள பிக்காட்டினி படைக்கலச் சாலையின் பெயரில் 1995-இல் அமெரிக்க இராணுவ அளவுகோலாக உறுதியானது. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் பிக்காட்டினியின் பள்ளம் 5.2 மில்லிமீற்றர் அகலம், வீவருடையது 4.6 அளவு. வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் ஏறும். பிக்காட்டினி ரிங் வீவர் ரெயிலில் பெரும்பாலும் இறங்காது. வீவர் ரிங்கை பிக்காட்டினியில் போட்டால் பள்ளத்துக்குள் அரை மில்லிமீற்றர் இடைவெளி மிஞ்சும். முடுக்குமுன் ரிங்கை முன்பக்கம் தள்ளிப் பள்ளத்தின் சுவரோடு முட்ட வைத்துவிட்டு முடுக்க வேண்டும். உதையில் அது போகப் போகும் பக்கம் முன்பக்கம்தானே, முதலிலேயே அங்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

எனக்கு டிக்காவில் பிக்காட்டினி பிடிக்காது. நல்ல ரெயில் உடம்பிலேயே கடைந்திருக்கும்போது அதன் மேல் இன்னொரு ரெயில், அதன் மேல் ரிங், ஒவ்வொரு படிக்கும் புதிதாகத் திருகாணி. ஸ்கோப்பும் உயர்ந்து போகிறது, கன்னம் கட்டையை விட்டு எழும்புகிறது. 20 எம்ஓஏ சரிவோடு ரெயில் வாங்கச் சொல்லி அறிவுரை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவு 100 மீற்றரில் 58 சென்ரிமீற்றர் மேலே சுட வைக்கும் ஏற்பாடு. 800, 1000 மீற்றரில் குறி பார்க்கிறவர்களுக்கு ஸ்கோப்பின் கிளிக் முடிந்துபோகாமல் இருக்க. ஸ்ப்ரூஸ் காட்டில் உங்களுக்கு எதற்கு? சாக்கோவே விற்கும் ஒப்டிலொக் ரிங்குகள் டிக்காவின் டவ்டெயிலில் நேராக ஏறும். ரிங்குக்குள் பிளாஸ்ரிக் உட்கட்டை இருப்பதால் முன் ரிங்கும் பின் ரிங்கும் மயிரிழை கோணலாக இருந்தாலும் குழாயை நசுக்காது. மற்ற கம்பனிகளின் ஒரே துண்டு மவுண்டுகளும் நல்லவை. கழற்றிப் பூட்டும் நெம்புகோல் மவுண்ட் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஸ்கோப்பைக் கழற்றினால் மிச்சம் என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலான டிக்காக்களில் இரும்புச் சைற்றே இல்லை. இரண்டாவது ஸ்கோப்போ எய்ம்பொயின்டோ தனி மவுண்டில் சீர் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தக் காசு பிரயோசனம்.

உயரம் எவ்வளவு? முன்கண்ணாடி துவக்கின் குழாயைத் தொடாமலும், போல்ட் கைப்பிடி பின்கண்ணாடியில் முட்டாமலும் எவ்வளவு பதியுமோ அவ்வளவு பதிவாக. 56 மில்லிமீற்றர் கண்ணாடியின் வெளிக்கூடு 62 அளவில் வரும், பாதி 31. அந்த உயரம் கட்டாயம் வேண்டும். 42 என்றால் 7 மில்லிமீற்றர் போல் கீழே இறக்கலாம். 56 வாங்குகிறவர்கள் கடையில் துவக்கைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் சரி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் காட்டிலும் அப்படித்தான் தேடுவீர்கள்.

பூட்டுவதைக் கடைக்காரரிடம் விடலாம், விட்டாலும் பக்கத்தில் நில்லுங்கள். முதல் வேலை, போல்ட்டைக் கழற்றி எடுத்து அறை வெறுமையா என்று விரலை விட்டுப் பார்ப்பது. எத்தனை வருடம் துவக்கோடு புழங்கினாலும் இதில் விதிவிலக்கு இல்லை. பிறகு ரெயிலிலும் திருகாணியிலும் உள்ள எண்ணெயை அல்ககோல் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் டோர்க் சாவி காட்டும் எண் பொய். அதே எண்ணில் திருகாணி அளவுக்கு மீறி இறுகிவிடும். ஸ்கோப்பை ரிங்கில் சும்மா வைத்து, குளிர்காலத்து யக்கட்டைப் போட்டுக்கொண்டு, சூமை உச்சத்தில் வைத்துக் கண்தூரம் சரி பாருங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 சென்ரிமீற்றர் அளவு வேண்டும். கண்தூரம் பாராமல் பூட்டிவிட்டு, காட்டில் மேட்டுப் பக்கம் சாய்ந்து சுட்டுப் புருவத்தில் பிறை வெட்டு வாங்கியவர்கள் ஒவ்வொரு எல்க் ரீமிலும் ஒருவராவது இருப்பார்கள். ரிங்கின் மேல் மூடியை இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரும்படி, திருகாணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். எண் மவுண்ட் கம்பனி தாளில் கொடுத்திருப்பதுதான். ரிங்குகளுக்குப் பொதுவாக 2 நியூற்றன் மீற்றர் சுற்றுவட்டாரம். "கை அறியும்" என்று சொல்பவரின் கை உங்கள் ஸ்கோப் குழாயை நசுக்கும் வரை எதையும் அறியாது. டோர்க் சாவி ஒன்றின் விலை இரண்டு பெட்டி ரவையை விடப் பெரிதாக வராது.

கடைசி வேலை சீர் செய்வது. போல்ட்டை எடுத்துவிட்டுக் குழாய் வழியாகவே 25 மீற்றரில் உள்ள வட்டத்தைப் பாருங்கள், துவக்கு அசையாமல் ஸ்கோப்பின் கோட்டை அந்த வட்டத்துக்குத் திருப்புங்கள். இப்படிச் செய்தால் முதல் சூடே தாளில் விழும், அரைப் பெட்டி ரவை மிச்சம். 25 மீற்றரில் ஒரு கிளிக் இரண்டரை மில்லிமீற்றர்தான் நகரும், மறக்க வேண்டாம். பிறகு 100 மீற்றருக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருத்த வேண்டும், ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் ஓடக் கூடாது. ஜேர்மன் ரவைப் பெட்டிகளில் 100 மீற்றரில் 4 சென்ரிமீற்றர் உயர்த்தி வைக்கச் சொல்லும் கணக்கு ஒன்று அச்சிட்டிருக்கும். எல்க்குக்கு அது போதும், அதன் பிறகு கிளிக்கைத் தொடவே வேண்டாம். இங்கே பலரும் குழாய் முனையில் சத்தம் குறைப்பி பூட்டித்தான் வேட்டையாடுகிறார்கள். அதைப் பூட்டிச் சீர் செய்தால் எப்போதும் பூட்டியே சுடுங்கள். கழற்றினால் குறி வேறு இடத்தில் இருக்கும். ரவையின் பெயர் மாறினாலும் அப்படித்தான்.

தம்பிக்கு என் தீர்ப்பு இது: ஒப்டிலொக் ரிங் ஒரு சோடி, 2-10 அல்லது 2-12 மடங்கு, 42 இலிருந்து 50 மில்லிமீற்றர் வரை முன்கண்ணாடி, நடுவில் சிவப்புப் புள்ளி, கைக்கெட்டும் விலையில் மிக நல்ல கண்ணாடி. எல்வெரும் காட்டுக்கும் சரி, என்றாவது ஒரு நாள் மேற்குக் கரைக்கு யாராவது கூப்பிட்டாலும் சரி. மிச்சக் காசை ரவைக்குச் செலவழிக்கட்டும்.

பெரும்பகுதி நாட்டில் எல்க் வேட்டை செப்டம்பர் 25-இல் தொடங்குகிறது. செப்டம்பர் மாதம் சுடுதளங்களில் நிற்க இடம் இருக்காது; அந்த நெரிசலில் மவுண்ட் ஊர்கிறது என்று கண்டுபிடித்தால் திருத்தவும் நாள் இருக்காது. ஆகவே புதிதாக ஸ்கோப் பூட்டியவர்கள் மே மாதத்திலேயே தளத்துக்குப் போங்கள். வருடப் பரீட்சைக்கு முன் சுட வேண்டிய 30 பயிற்சிச் சூடுகளை அந்தப் புதிய மவுண்டோடு சுட்டு முடியுங்கள், பிறகு டோர்க் சாவியை எடுத்து ஒவ்வொரு திருகாணியையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.